கடைசி இருக்கைத் தொப்பிக்காரர்

இரண்டு வருடத்துக்கு மேல் நான் தோள்பை மாட்டாமல் இருந்தேன். சாப்பாட்டு டப்பா, மூக்குக்கண்ணாடி, குடை, கைப்பேசி எல்லாமே பேரங்காடியில் கொடுத்த பிளாஸ்டிக் பைக்குள் போய்விடும். மேலே ஒரு பழைய நாளிதழை மடித்து வைத்துக்கொள்வேன். பிளாஸ்டிக் பையை யாரும் பறிக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. “பசாருக்கு மீன் வாங்கப் போறவரு மாதிரியே இருக்கீங்க” என்பாள் மனைவி. மீன் வாங்கப் போகிறவரை யாரும் தள்ளிவிட்டு ஓடுவதில்லையே என்பேன் நான்.

என்னைத் தள்ளிவிட்டார்கள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் ஜெயாவில் எங்கள் வீடமைப்புப் பகுதியை ஒட்டிய பெரிய சாலையில் ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. அன்று வேலை முடிந்து அங்கே இறங்கினேன். மழை பெய்து ஓய்ந்த மாலை, இன்னும் இருட்டவில்லை. நிறுத்தத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குச் செம்பருத்தி வேலி. பக்கத்தில் விளக்குக் கம்பம் உண்டு. விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அடுத்து நான் பார்த்தது சாலைத் தாரை, கண்ணுக்கு மிக அருகில். பையின் வார் தோளில் சிக்கியிருந்ததால், பை போன வழியில் நானும் கொஞ்ச தூரம் போயிருக்கிறேன். இடது முழங்கை முறிந்தது.

பையில் என்னென்ன இருந்தன என்று மருத்துவமனையில் போலீஸ்காரர்கள் கேட்டார்கள். படிக்கும் கண்ணாடி, பாதி தீர்ந்த தைலக் குப்பி, கழுவாத சாப்பாட்டு டப்பா என்றேன். டப்பாவுக்குள் என்ன என்றும் கேட்டார்கள். மிச்சம் வைத்த பயத்தங்காய்ப் பொரியல். அங்கே அழுதுகொண்டே வந்த மனைவி இதைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காலையில வெச்ச பொரியலு. நல்லா ஊசிப் போயிருக்கும். தொறந்து பார்த்திருந்தா அதுவே தண்டனை” என்றாள்.

எலும்பு சேர்ந்துவிட்டது. கையை முழுதாக நீட்ட மட்டும் வராது. மற்றது சேரவில்லை. பின்னால் மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் கேட்டால் என் உடம்பு என்னைக் கேட்காமலே சுவரின் பக்கம் திரும்பிக்கொள்ளும். பினாங்கில் இப்படி ஒரு பழக்கம் வந்தால் நாள் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். அதனால் பேருந்தை விட்டேன், நடப்பதை விட்டேன். வேலைக்குக் காரில் போனேன். மனைவியையும் மகளையும் எங்கே போனாலும் காரில் கொண்டுபோய் இறக்கினேன். அந்த நிறுத்தத்தைக் கடக்கும்போது மட்டும் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் செய்யக்கூடாத காரியம் அது என்று மகள் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இந்த ஏற்பாடு மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது உடைந்தது. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வரைவதில்தான் ஆசை. அவள் விண்ணப்பித்திருந்த வடிவமைப்புப் படிப்பு தீவில், ஜார்ஜ்டவுனில் இருந்தது. அதே நேரம் தொழிற்சாலையில் எனக்குக் காலை ஷிஃப்ட் கொடுத்துவிட்டார்கள். பாலம் தாண்டி அவளை இறக்கிவிட்டு என்னால் வேலைக்குத் திரும்ப முடியாது. பேருந்தில் பட்டர்வொர்த், அங்கிருந்து தீவுக்கு ஃபெரி, அப்புறம் சூலியா தெரு வழியாக நடை. இதுதான் மீதமிருந்த வழி.

“வீட்டுக்குப் பக்கத்துலயே கணக்கியல் படிப்பு இருக்கே” என்றேன் நான். “நடந்தே போகலாம். நல்ல வேலை கிடைக்கும்.”

“ப்பா, எனக்குக் கணக்கு வராதுன்னு உங்களுக்கே தெரியும்.”

“வர வெச்சுக்கலாம்.”

“ஒரு மோட்டர்காரன் உங்க பையைப் பறிச்சதுக்கு நான் மூணு வருஷம் கணக்கு படிக்கணுமா?”

உதவிக்கு மனைவியைப் பார்த்தேன். அவள் மகள் பக்கம். முடிவில் சமையலறையில் வைத்து ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. முதல் பருவம் மகள் பேருந்திலும் ஃபெரியிலும் போவாள். ஆளில்லாத குறுக்கு வழியில் அவள் போனதாகத் தெரிந்தால் பேச்சில்லாமல் கணக்கியலுக்கு மாறிவிடவேண்டும். நான் அவளைப் பின்தொடரக் கூடாது; தொடர்ந்தால் மூன்று வருடமும் பேருந்துதான், நான் வாயைத் திறக்கக்கூடாது. இந்த இரண்டாவது விதியைச் சேர்த்தது மகள். என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பின்தொடரக் கூடாதே தவிர, வேறு ஏற்பாடு செய்யலாம் அல்லவா? ஒரு விசில் வாங்கி அவள் கழுத்தில் மாட்டினேன். அதை அவள் பக்கத்து வீட்டுப் பூனையைக் கூப்பிடப் பயன்படுத்தினாள்; பூனையும் நன்றாகப் பழகிவிட்டது. பட்டனை அழுத்தினால் அலறும் ஒரு கருவியையும் வாங்கிக் கொடுத்தேன். அது வீட்டிலேயே மனைவியின் கைபட்டு அலறியதில் அண்டை வீட்டார் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் கைப்பேசியில் அவள் இருக்கும் இடம் ஒரு நீலப் புள்ளியாக எனக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டோம்.

என் வேலை தரக் கட்டுப்பாடு. உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, நன்றாக இருக்கும் பொருளில் எங்கே பிழை என்று தேடுகிற வேலை. அப்படிப்பட்ட ஆளிடம் ஒரு நீலப் புள்ளியைக் கொடுத்தால் என்ன ஆகும்? இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். புள்ளி சாலையில் ஊரும், பட்டர்வொர்த்தில் நிற்கும், பிறகு மெல்ல நீரில் இறங்கிக் கடல்மேல் நடந்துபோகும். கரையேறியதும்தான் நான் தேநீரைக் குடிப்பேன். தேநீர் ஆறியிருக்கும்.

ஒரு நாள் புள்ளி கரையேறவில்லை. நடுக்கடலில் நின்றுவிட்டது. தேநீர் ஆறியது, இடைவேளை முடிந்தது, புள்ளி அங்கேயே நின்றது. அழைத்தேன், கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. நான் செய்த கற்பனைகளை இங்கே எழுதப் போவதில்லை. மதியம் அவளே யாருடைய கைப்பேசியிலிருந்தோ கூப்பிட்டு, “ப்பா, பேட்டரி போயிருச்சு. சார்ஜ் போட மறந்துட்டேன். சாப்டீங்களா?” என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். அன்று மாலையே அந்த வாரத்தின் மீதி நாட்களுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் தொழிற்சாலைச் சீருடையில், மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு கிளம்பினேன். காரைக் கடைவரிசைக்குப் பின்னால் நிறுத்தி, உள்ளேயே சட்டையை மாற்றினேன். தொப்பி, முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி. காரின் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. திருப்தியாக இருந்தது. மகள் கிளம்பும் நேரத்தில், பிளாஸ்டிக் பையோடு அந்தப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் நின்றேன்.

வேலிப் பக்கம் திரும்பாமல், சாலையையே பார்த்துக்கொண்டு அங்கே நான் மட்டும்தான் நின்றேன். கொஞ்சம் தள்ளி, முனையில் இருக்கும் ரொட்டி சானாய் கடை முன்னால் ஒரு சிறு கூட்டம் நின்று பேசிக்கொண்டிருந்தது. அதில் என் மகளும் இருந்தாள். ரொட்டி வாங்குகிறார்கள் போலிருக்கிறது, பேருந்து வந்ததும் இங்கே ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். பேருந்து வந்தது. என்னை ஏறிட்டும் பாராமல் தாண்டிப்போய் ரொட்டிக் கடை முன்னால் நின்றது. எல்லாரும் நிதானமாக ஏறினார்கள். ஓடியது நான்தான்.

கடைசி இருக்கையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். மகள் முன்னால் சன்னல் ஓரத்தில் இருந்தாள், காதில் இயர்ஃபோன். பட்டர்வொர்த்தில் இறங்கியதும் அவள் நேரே ஃபெரிக்குப் போகாமல் ஒரு தூண் அருகே நின்றாள். கூடவே இன்னும் சிலர் நின்றார்கள். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு கூரையிட்ட நடைபாதையில் சேர்ந்து நடந்தார்கள். நான் இருபதடி பின்னால் நடந்தேன். ஃபெரியில் பின்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தீவில் இறங்கி, சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடைகள் திறக்கும் நேரத்தில், ஒவ்வொருவராகக் கழன்று போக, மகள் கல்லூரி வாசலுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காதது எனக்குப் போதவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே போனேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஃபெரி கரையை விட்டு நகர்ந்ததும் பின்தளத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். நாற்பதைத் தாண்டியவர், தமிழர், சேலைக்குப் பதில் மருத்துவமனை வரவேற்பில் இருப்பவர்கள் போடும் சீருடை. கையில் நீளமான குடை. மழை இல்லை. நடைபாதையில் மகளோடு சேர்ந்து நடப்பவர்களில் இவரும் ஒருவர் என்பது எனக்கு நினைவு வந்தது. கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டேன். மறுபக்கம் பார்த்தால் தாடி வைத்த ஒரு பாய் நின்றார். சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடைக்குள் போவதை நேற்று பார்த்திருந்தேன். எனக்கும் உள்ளே போகும் கதவுக்கும் நடுவில் தையல்கடைப் பையோடு ஒரு மலாய் அம்மா. நாலாவது பக்கம் கடல்.

“மிஸ்டர், எங்க போறீங்க?” என்றார் குடைக்கார அம்மா.

“ஜார்ஜ்டவுன்.”

“ஃபெரி அங்கதான் போவுது. எல்லாருமே அங்கதான் போறோம். அங்க எங்க?”

திருடன் வந்தால் என்ன செய்வது என்று நான் இரண்டு வருடமாக ஒத்திகை பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு ஒத்திகை இல்லை. “சும்மா... ஒரு வேலையா” என்றேன்.

“சும்மாவா, வேலையா?”

நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“மூணு நாளா பாக்கறோம். எங்க பொண்ணு ஏறுனா ஏறுறீங்க, எறங்குனா எறங்குறீங்க. நேத்து காலேஜ் வாசல் வரைக்கும் போயிருக்கீங்க. பாய் கடையில நின்னு பாத்திருக்காரு.”

“ரெண்டு நாளும் பாத்தேன்” என்றார் பாய்.

எங்க பொண்ணு என்ற சொல்லில் நான் கொஞ்சம் தடுமாறிவிட்டேன். முகக்கவசத்தைக் கீழே இழுத்து, “அது என் பொண்ணுங்க. நான் அவ அப்பா” என்றேன்.

“மாட்டிக்கிட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

“சியாப்பா இனி?” என்று மலாய் அம்மா கேட்டார், யார் இவன் என்று. குடைக்காரர் மலாயில் விளக்கினார். மலாய் அம்மா என்னைத் தொப்பியிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, நம்பவில்லை என்று தலையை ஆட்டினார்.

“அப்பான்னா பக்கத்துல உக்காரணும் லா” என்றார் குடைக்காரர். “கடைசி சீட்டுல எதுக்குத் தொப்பி, மாஸ்க்கு, கறுப்புக் கண்ணாடி? அந்தப் பையில என்ன?”

“சாப்பாடு.”

“பேப்பரு மூடியிருக்கே?”

“பயத்துல மூடுனது.”

“யாருக்குப் பயம்?”

“எனக்குத்தாங்க.”

“தொறங்க.”

திறந்தேன். நாளிதழை எடுத்தேன், குடையை எடுத்தேன், டப்பாவைத் திறந்தேன். தெம்பே சம்பல். புளிக்கவைத்த சோயாக் கட்டித் துண்டுகளை நெத்திலியும் கச்சான் கடலையும் போட்டு, மொறுமொறுவென்று பிரட்டியது. குடைக்காரர் குனிந்து பார்த்தார். பிறகு, அனுமதி கேட்காமல், ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். முகம் மாறியது.

“மக்சிக்,” என்று மலாய் அம்மாவைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அவரும் மென்று, கண்ணை விரித்தார். அடுத்தது பாய். கடல் நடுவில், சந்தேகத்துக்குரிய ஆளின் சாப்பாட்டை மூன்று பேரும் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இது பாப்பா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கொண்டுவர்ற தெம்பே” என்றார் குடைக்காரர். “பாருங்க, கருவேப்பிலை கெடக்கு. தெம்பேயில கருவேப்பிலை போடுறது ஒரே ஒரு வீடுதான்.”

வெள்ளிக்கிழமைகளில் இவர்கள் ஃபெரியில் பலகாரம் பகிர்ந்துகொள்வார்கள் என்பதும், என் மனைவியின் தெம்பே அங்கே பேர் வாங்கியிருக்கிறது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மகள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரண்டு டப்பா கேட்பாள். வளர்கிற வயது, பசிக்கும் என்று நினைத்திருந்தேன்.

“பாப்பாவோட டப்பாவையே தூக்கிட்டு வந்திருந்தா?” என்றார் பாய். நாணயமாற்றுக் கடையில் இருப்பவர். எதையும் இரண்டு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர். அவரிடம் ஒரு சக தொழிலாளியைக் கண்டேன்.

உள்ளே ஆளனுப்பி மகளைக் கூப்பிட்டார்கள். காதிலிருந்ததைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

“பாப்பா, பயப்படாத. நாங்கல்லாம் இருக்கோம்” என்றார் குடைக்காரர். “இவர உனக்குத் தெரியுமா?”

மகள் என்னைப் பார்த்தாள். சாவகாசமாகப் பார்த்தாள். “எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு, அக்கா” என்றாள்.

பாய் கைப்பேசியை எடுத்துவிட்டார். நல்லவேளை, அவளால் அதற்குமேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். “எங்க அப்பாதான் க்கா. வேலைக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்திருக்காரு.”

“ஐயோ, அண்ணே!” என்றார் குடைக்காரர். ஒரே நொடியில் மிஸ்டரிலிருந்து அண்ணன் ஆகிவிட்டேன். “மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல தெரியுமா? பாப்பா பயந்துக்கும்னு அவகிட்டகூட சொல்லல. எங்க போன் குரூப்புல ஒரே உங்க பேச்சுதான். தொப்பிக்காரன் வந்துட்டானா, தொப்பிக்காரன் எறங்கிட்டானான்னு. எங்க டிரைவர்கிட்டயும் சொல்லி வெச்சுட்டோம். நேத்து உங்க முன் சீட்டுல இருந்த பொண்ணு எந்திரிச்சு வேற எடத்துக்குப் போனுச்சே, கவனிச்சீங்களா?”

கவனித்தேன். வெயில் அடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். பேருந்தில் யாரைக் கண்டு பயப்படவேண்டும் என்று தேடிக்கொண்டு போனேன். அந்தப் பேருந்தில் பயப்படும்படி இருந்த ஒரே ஆள் நான்தான். மன்னிப்புக் கேட்டேன். மனதாரக் கேட்டேன்.

“மொத நாளே எனக்கு சந்தேகம் வந்துருச்சு ண்ணே” என்றார் குடைக்காரர். “நீங்க அந்த ஸ்டோப்புல நின்னீங்க பாருங்க, அதுலயே. அங்க நம்ப ஆளுங்க யாரும் நிக்க மாட்டோம். ரொட்டிக் கடை முன்னாலதான். பஸ்ஸும் அங்கதான் நிக்கும், டிரைவருங்க எல்லாருக்கும் தெரியும்.”

“ஏன் அங்க நிக்க மாட்டீங்க?”

“உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு வருஷத்துக்கு முன்னால அங்க ஒரு ஆளை அடிச்சிட்டாங்க. ரெண்டு மோட்டரு, நாலு பேரு. பாராங்கு கத்தி. கையவே வெட்டிட்டாங்க. கழுத்துல கெடந்த தங்கச் சங்கிலி எல்லாம் போயிருச்சு.”

மலாய் அம்மா வருத்தத்தோடு ஏதோ சேர்த்துச் சொன்னார். “அவரு செத்துட்டாருன்னு மக்சிக் கேள்விப்பட்டாங்களாம்” என்றார் குடைக்காரர்.

நான் சட்டைக் கையை மேலே சுருட்டினேன். முழங்கையை நீட்டினேன், நீளும் வரை நீண்டு, நின்றது. தழும்பைக் காட்டினேன்.

“ஒரு மோட்டரு. ரெண்டு பேரு. கத்தி இல்ல” என்றேன். “கை ஒடஞ்சது. சாகல.”

மலாய் அம்மா இறைவனுக்கு நன்றி சொல்லி என் கையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். பாய் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“நீங்களா ண்ணே அது?” என்றார் குடைக்காரர். “அப்ப தங்கச் சங்கிலி?”

“பயத்தங்காய்ப் பொரியல்.”

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டு, அடிபட்டவனைப் பார்த்துச் சிரித்துவிட்டோமே என்று வருந்தி, மறுபடி சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் பெண்கள் எல்லாம் ரொட்டிக் கடை முன்னால் நிற்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர் காலையில் வெளிவிளக்கைக் கொஞ்ச நேரம் அதிகமாக எரியவிட்டார். பேருந்து ஓட்டுநர்களிடம் பேசினார்கள். பட்டர்வொர்த்தில் தூண் அருகே காத்திருந்து சேர்ந்து நடப்பதும் அப்போது வந்த பழக்கம்தான். பை உள்பக்கத் தோளில், குடை சாலைப் பக்கக் கையில். வெயிலானாலும் குடை வேண்டும். ஊராட்சி மன்றத்துக்கும் எல்லாரும் சேர்ந்து எழுதிப் போட்டார்கள். வேலியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினார்கள், விளக்கும் எரிகிறது.

“எரியுதா?” என்றேன்.

“ஒரு வருஷமாச்சு ப்பா” என்றாள் மகள். “நீங்கதான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டீங்களே.”

ஃபெரி தீவின் கரையை நெருங்கியது. எனக்கு ஒரு கஷ்டம் காத்திருந்தது. முந்தைய இரண்டு நாட்களில் நான் கடைசி ஆளாக இறங்கி அதைச் சமாளித்திருந்தேன். கரை தட்டியதும் ஃபெரியில் வந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமும். இன்று கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டேன். சத்தம் கிளம்பியதும் என் உடம்பு வழக்கம்போலத் திரும்பிவிட்டது. முகத்துக்கு நேரே ஃபெரியின் வெள்ளைச் சுவர். அதில் உயிர்காக்கும் உடுப்பை எப்படி அணிவது என்று படம் போட்டிருந்தது. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குடைக்காரர் எனக்கும் வாகனங்களுக்கும் நடுவில் வந்து நின்று, குடையை வெளிப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, “தெம்பேய எண்ணெயில போட்டு எடுத்துட்டுத்தான் சம்பல்ல பிரட்டுவாங்களா ண்ணே, இல்ல ஒண்ணா போட்டுருவாங்களா?” என்று கேட்டார்.

“எடுத்துட்டுத்தான்” என்றேன் சுவரிடம்.

“நெத்திலி?”

“அதுவும் தனியா.”

“அதான் மொறுமொறுன்னு இருக்கு.” சத்தம் அடங்கியது. “வாங்க, எறங்கலாம்.”

சூலியா தெருவில் நடந்தபோது பாய் கடைப் பக்கம் ஒதுங்கினார். மலாய் அம்மா ஒரு சந்துக்குள் திரும்பிக் கையசைத்தார். குடைக்காரர் தன் பல் மருத்துவமனையின் இரும்புக் கதவைத் திறக்கப் போனார். நானும் மகளும் மட்டும் மிஞ்சினோம். இப்போது பக்கத்தில் நடந்தேன்.

“ஒப்பந்தம் என்னப்பா?” என்றாள்.

“தெரியும்.”

“சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க.”

“மூணு வருஷமும் பஸ்ஸு. நான் வாயத் தொறக்கக் கூடாது.”

“கணக்கியல்?”

“எந்தக் கணக்கியல்?” என்றேன். அவள் தோளால் என்னை இடித்தாள். உடையாத கைப் பக்கம் பார்த்துத்தான் இடித்தாள்.

“நான்னு எப்பத் தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“மொத நாளே. சட்டை மாத்துனீங்க, தொப்பி போட்டீங்க. ஷூ மாத்தலயே? ஃபேக்டரி சேஃப்டி ஷூ போட்டுக்கிட்டு பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடி வந்தீங்க. தொம் தொம்னு சத்தம்.”

மூன்று நாளாகப் பிழை தேடிக்கொண்டிருந்தவன் காலில் கிடந்த பிழை. “ஏன் அப்பவே சொல்லல?”

“நீங்க மறுபடி பஸ்ஸுல உக்காந்து வர்றதப் பாக்க நல்லாருந்துச்சு” என்றாள். “சொன்னா எறங்கிருவீங்களோன்னு விட்டுட்டேன்.”

நான் நின்றுவிட்டேன். உண்மையிலேயே அதை நான் யோசிக்கவே இல்லை. மகளுக்குக் காவலாகப் போகிறேன் என்ற நினைப்பில், அந்த நிறுத்தத்தில் நின்று, அந்தப் பேருந்தில் ஏறி, தெருவில் நடந்து, மூன்று நாளாக நான் விட்டதையெல்லாம் செய்துகொண்டிருந்தேன். பயந்துகொண்டேதான் செய்தேன். இருந்தாலும் செய்திருக்கிறேன்.

வீட்டில் மனைவி கோபித்துக்கொண்டாள். பொய் சொன்னதற்கு இல்லை. “மூணு பேருக்குக் குடுத்துட்டு நீங்க என்னத்த சாப்டீங்க?” என்பதற்காக. அடுத்த வெள்ளிக்கிழமை மகளிடம் மூன்று டப்பாக்கள் போயின. ஒன்றின்மேல் தனியாகக் கருவேப்பிலைக் கொத்து ஒன்று, குடைக்கார அக்காவின் சமையலுக்கு.

இப்போது மகள் இரண்டாம் பருவத்தில் இருக்கிறாள். நீலப் புள்ளியை அழிக்கவில்லை, ஆனால் தேநீர் சூடாக இருக்கும்போதே குடிக்கிறேன், பல நாட்களில். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை, அவளுக்கு வகுப்பு உண்டு. அன்று மட்டும் நானும் போகலாம் என்று ஒப்பந்தத்தைத் திருத்தியிருக்கிறோம். இரண்டு நிபந்தனைகள்: தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கூடாது, பின்னால் வராமல் கூட வரவேண்டும். கூட்டத்தில் எனக்கு ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். சாலைப் பக்கம் குடை பிடிக்கிற வேலை. குடைக்கார அக்கா தன் குடையையே ஒரு நாள் என் கையில் திணித்துவிட்டு, “எனக்குத் தோள் வலி ண்ணே” என்று சொல்லிவிட்டார். அவருக்கு வலி ஒன்றும் இல்லை.

மகள் என் பிறந்தநாளுக்கு ஒரு தோள்பை வாங்கிக் கொடுத்தாள். போன சனிக்கிழமை முதல்முறையாக அதை மாட்டினேன், உள்பக்கத் தோளில். ரொட்டிக் கடைக்குப் போகும் வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தது. நின்றேன். அருகில் சுவர் இல்லை, முழங்கால் உயரச் செம்பருத்திதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூத்திருந்தது. வண்டி என்னைத் தாண்டிப்போய்க் கடை முன்னால் நின்றது. ரொட்டி வாங்க வந்தவர். அவர் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றும்வரை பையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

கடை முன்னால் எல்லாரும் இருந்தார்கள். எனக்கு முன்னால் வேகமாகப் போய்ச் சேர்ந்திருந்த மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

“அக்கா, பின்னாடி ஒரு ஆளு வர்றாரு பாருங்க. பை மாட்டியிருக்காரு.”

“பாத்துட்டேன், பாத்துட்டேன்” என்றார் குடைக்காரர். “நம்ப ஆளுதான். வாங்கண்ணே, பஸ்ஸு வந்துருச்சு.”